ஃபிரேமுக்குள் முறிந்து நின்ற போல்ட்

என் மோட்டார் சைக்கிளின் எஞ்சினை ஃபிரேமோடு பிணைக்கும் 8 மி.மீ. போல்ட்டுகளில் ஒன்றின் தலை முறிந்து, தண்டு மரைத்துளைக்குள்ளேயே தங்கிவிட்டது. முறிந்த முகத்தில் வளைகோடுகள் வரிசையாகத் தெரிந்ததால், தளர்ந்த போல்ட் நெடுநாள் அதிர்வைத் தாங்கி, விரிசல் சிறிது சிறிதாக வளர்ந்தே முறிந்திருக்கிறது என்பது புரிந்தது.

முதலில் எஞ்சினுக்கு அடியில் ஜாக் வைத்து, துளையின் மேல் பாரம் விழாதபடி செய்தேன். இதைத் தவிர்த்தால் மற்ற முயற்சிகள் அனைத்தும் வீணாகும். துருநீக்கி எண்ணெயை ஊற்றி ஓர் இரவு ஊறவிட்டபின், தண்டின் நட்ட நடுவில் 'சென்டர் பஞ்ச்' என்னும் கூர்முனைக் கருவியால் குறியிட்டு, போல்ட் கழலும் திசையிலேயே, அதாவது இடப்பக்கம் சுழலும் டிரில் பிட்டால் மெதுவாகத் துளையிட்டேன். முறிந்த போல்ட்டைப் பற்றி வெளியே எடுக்கும் 'ஈஸி அவுட்' கருவியை நான் வேண்டுமென்றே கடைசிக்கு ஒதுக்கியிருந்தேன். கடினப்படுத்திய எஃகால் ஆன அது உள்ளே உடைந்தால் சாதாரண டிரில்லால் அதைத் துளைக்க இயலாது. நல்லவேளையாக, பிட் பற்றிக்கொண்ட கணத்தில் துண்டு தானாகவே சுழன்று வெளியே வந்தது.

மரை வெட்டும் 'டேப்' கருவியால் துளையின் மரையைச் சுத்தம் செய்து, பழைய போல்ட்டின் தலையில் இருந்த அதே 10.9 என்ற வலிமைத் தரக்குறியுள்ள புதியதைப் பொருத்தி, கையேட்டில் கண்ட அளவுக்கு முறுக்குவிசையை அளக்கும் டார்க் ரெஞ்சால் முறுக்கினேன். அதனுடன் இருந்த மற்ற போல்ட்டுகளும் அதே அதிர்வைத் தாங்கியவை என்பதால், அவற்றையும் அன்றே மாற்றிவிட்டேன்.