அச்சு மெழுகுவர்த்திக்கு நிறம் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிலிகான் அச்சில் வார்க்கும் மெழுகுவர்த்திகளில் நிறம் சொதப்புவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: கையில் கிடைத்த கலரை எடுத்து மெழுகில் போட்டுவிடுகிறோம். கேக்குக்குப் போடும் சாதாரண ஃபுட் கலர் தண்ணீரில் கரைவது, மெழுகு எண்ணெய் வகை. எவ்வளவு கலக்கினாலும் அது சொட்டுச் சொட்டாகப் பிரிந்து அடியில் போய்த் தங்கிவிடும், எரியும்போது அந்த ஈரமே படபடவென்று வெடிக்கவும் செய்யும்.

க்ரேயான் இதைவிட ஏமாற்றும். அழகாக உருகிக் கலந்துவிடும், அச்சிலிருந்து எடுத்தால் நிறமும் பளிச்சென்று இருக்கும். ஏற்றிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். திரி என்பது உருகிய மெழுகை உறிஞ்சி மேலே கொண்டுபோய்த்தான் எரிகிறது. க்ரேயானில் இருக்கும் கரையாத நிறத்துகள்கள் திரியின் இழைகளை அடைத்துக்கொண்டால் சுடர் சிறுத்துக்கொண்டே போய், கடைசியில் அணைந்துவிடும். மினுமினுப்புக்குச் சேர்க்கும் மைக்கா பவுடரும் இதே கதைதான். உள்ளே கலக்க, மெழுகில் கரையும் மெழுகுவர்த்தி டை (சாயம்) மட்டும்தான் சரி. அதற்காக மைக்காவை ஒதுக்க வேண்டாம், அதன் இடம் வெளிப்புறம். ரோஜா வடிவ மெழுகுவர்த்தியை அச்சிலிருந்து எடுத்ததும், உலர்ந்த மென்மையான பிரஷ்ஷில் துளியூண்டு தொட்டு இதழ் விளிம்புகளில் மட்டும் தடவிப் பாருங்கள், அவ்வளவு நேரம் கண்ணில் படாத மடிப்பெல்லாம் எடுப்பாகத் தெரியும்.

அடுத்தது அளவு. பவுடர் டை மிகவும் வீரியமானது, ஒரு கிலோ மெழுகுக்கு 1 கிராம் அளவிலேயே நல்ல நிறம் வந்துவிடும். அள்ளிக் கொட்டினால் டையும் திரியை அடைக்கத்தான் செய்யும். உருகிய மெழுகில் தெரியும் நிறத்தை நம்பாதீர்கள், ஆறினால் வெளிறும். ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு, உறைந்த பிறகு பார்த்து முடிவு செய்யுங்கள். சோயா மெழுகில் பெரும்பாலும் வெளிர் நிறம்தான் வரும், அடர்சிவப்பு வேண்டுமென்றால் பாரஃபின் மெழுகு எடுங்கள். மெழுகு சரியாகச் சூடாகும் முன் டை போட்டால் புள்ளிபுள்ளியாக நிற்கும், சுமார் 80 டிகிரி செல்சியஸ் வேண்டும். அப்புறம், அவசரப்பட்டு நேரடித் தீயில் மட்டும் வைக்காதீர்கள், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தே உருக்குங்கள்.

இரண்டு மூன்று நிறங்களை அடுக்காக வார்ப்பவர்கள் பொறுமை இழப்பது நேரத்தில்தான். கீழ் அடுக்கு இளகியிருக்கும்போதே ஊற்றினால் நிறங்கள் கலங்கும், முழுக்க ஆறிய பிறகு ஊற்றினால் பின்னால் அடுக்குகள் தனித்தனியாகக் கழன்று வரும். விரலில் ஒட்டக்கூடாது, ஆனால் அழுத்தினால் இன்னும் அமுங்க வேண்டும், அதுதான் பக்குவம். சரியாக வார்த்தாலும் நாளாக ஆக டை பக்கத்து அடுக்குக்குக் கொஞ்சம் ஊறும், அதனால் சிவப்பை ஒட்டி வெள்ளை வைக்காமல் இருப்பது நல்லது.

வெனிலா வாசனை எண்ணெய் சேர்த்தால் வெள்ளை மெழுகு பழுப்பாகிவிடும், அதற்கு டை காரணமில்லை. வெயில் படும் அலமாரியில் வைத்தால் எந்த நிறமும் வெளுக்கும், ஊதாவெல்லாம் சீக்கிரமே. அடர்நிற டை சிலிகான் அச்சிலும் ஏறிக்கொள்ளும், அதே அச்சில் அடுத்து வெள்ளை ஊற்றினால் சாயம் ஒட்டி வரும். வெள்ளைக்கென்று ஓர் அச்சைத் தனியாக வைத்துவிடுங்கள்.