சிண்ட்ரெல்லாவை ரீஜென்சி காலத்துக்குக் கூட்டிப்போவது எப்படி?

ரீஜென்சி ரொமான்ஸ் படித்துப் படித்து, நாமும் ஒன்று எழுதிப் பார்த்தால் என்ன என்று கை அரிக்கிறவர்களுக்கான பதிவு இது. ரீஜென்சி என்பது 1811 முதல் 1820 வரை, இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ் நோயில் கிடக்க, மகன் 'ரீஜென்ட்' என்ற பெயரில் ஆட்சியைப் பார்த்துக்கொண்ட காலம். டியூக், ஏர்ல் என்று போகும் பிரபுப் பட்டங்களின் படிநிலையெல்லாம் உங்களுக்கே தெரியும், அதைத் தாண்டிவிடுகிறேன்.

முதலில்: கதையில் மாயம் வரும் இடங்களையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சட்டம், பணம், நாள்காட்டி இந்த மூன்றில் ஒரு காரணம் வர வேண்டும். தேவதைக்குப் பதில் பணக்கார அத்தை, பூசணி வண்டிக்குப் பதில் வாடகை வண்டி. இவை சுலபம்.

இளவரசன்: நிஜ இளவரசன் வேண்டாம். 1772-ன் அரச குடும்பத் திருமணச் சட்டப்படி அவனுக்கு மன்னர் சம்மதம் வேண்டும். ரீஜென்ட்டே 1785-ல் ரகசியமாகக் கட்டிய தாலி அதனால்தான் செல்லாமல் போனது. டியூக் போதும். அதுவும் சலித்துவிட்டது என்றால் அதற்குக் கீழ்ப்படியில் இருக்கும் வைகவுன்ட்.

சித்தி: 'கொடுமைக்காரி' என்று எழுதிவிட்டால் போதாது. 1753 திருமணச் சட்டப்படி 21 வயது நிரம்பாத பெண் லைசென்ஸ் எடுத்து மணக்கத் தகப்பன் சம்மதம் வேண்டும். அவர் இல்லையென்றால் முறைப்படி நியமித்த காப்பாளர். மாற்றாந்தாய்க்குத் தானாக அந்த உரிமை கிடையாது. ஆகவே அப்பா தன் உயிலில் அவளைக் காப்பாளராக்கிவிட்டுச் செத்திருக்க வேண்டும். நாயகிக்குப் பத்தொன்பது வயது வையுங்கள், கதைக்கு வேண்டிய நெருக்கடி தானாக வரும்.

நள்ளிரவு: பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான், நிதானமாகப் பார்ப்போம். ரீஜென்சி லண்டனில் பன்னிரண்டு மணிக்கு விருந்து அப்போதுதான் சூடு பிடிக்கும். சாப்பாடே அதற்குப் பிறகுதான். அந்த நேரத்தில் ஒருத்தி ஓடினால் வாசகர் சிரிப்பார். 'அத்தை திட்டுவாள்', 'வண்டிக்காரன் காத்திருக்க மாட்டான்' எல்லாம் சப்பைக்கட்டு.

எனக்குப் பிடித்த தீர்வு சனிக்கிழமை. பன்னிரண்டு அடித்தால் ஞாயிறு, கர்த்தருடைய நாள். இதை விளையாட்டாக நினைக்காதீர்கள்: 1805-ல் லண்டன் கிங்ஸ் தியேட்டரில், சனி இரவு ஆப்பராவை நள்ளிரவுக்குள் முடிக்கச் சொல்லி பிஷப் நெருக்க, பாதியில் திரை விழுந்து கலவரமே நடந்தது. பக்திமிக்க ஒரு வீட்டில் சனியன்று நடனம் வையுங்கள். பன்னிரண்டு அடித்ததும் வாத்தியம் நிற்கும், எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டியைத் தேடுவார்கள், வாசலில் தள்ளுமுள்ளு. செருப்பு தொலைய இதைவிட நல்ல இடம் உண்டா?

செருப்பு: கண்ணாடியை விடுங்கள். பட்டிலோ மெல்லிய தோலிலோ செய்த நடனச் செருப்பு, இடது வலது வித்தியாசம்கூட இல்லாமல் நேராகத் தைத்தது. ஊரில் பாதிப் பேருக்குப் பொருந்தும், அதனால் மாட்டிப் பார்ப்பதில் பயனில்லை. ஆனால் உள்ளே கடைக்காரர் பெயரும் தெருவும் அச்சிட்ட காகிதத்தை ஒட்டுவது உண்டு. நாயகன் அந்தக் கடைக்குப் போகட்டும். கணக்குப் புத்தகத்தில் இருப்பதோ சித்தியின் பெயர்! அங்கிருந்து இரண்டு அத்தியாயம் ஓடும்.

உடைகளுக்குப் பின்டரஸ்ட்டை நம்பாதீர்கள். 1850-களின் கூண்டுப் பாவாடையை 'ரீஜென்சி' என்று போட்டிருப்பார்கள். 1809-ல் தொடங்கிய அக்கர்மன் என்ற லண்டன் மாத இதழின் தொகுதிகள் இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசம், வண்ணப் படங்களோடு. காலவரிசைக்கு எக்செல் போதும். காசு கொடுத்து வாங்கும் நாவல் மென்பொருள் எதுவும் எனக்கு ஒத்துவரவில்லை.

பின்சேர்க்கை: 'கிராமத்து வீட்டு நடனம் என்றால் இருட்டில் எப்படித் திரும்புவார்கள்?' என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். சரியான கேள்வி. தெருவிளக்கு இல்லாத பகுதிகளில் பௌர்ணமியை ஒட்டித்தான் அழைப்பே அனுப்புவார்கள். ஆக, சனிக்கிழமையாகவும் இருக்க வேண்டும், நிலவும் வேண்டும். ஒரு தேதி தருகிறேன்: 1816 ஜூன் 8, சனி, பௌர்ணமிக்கு முந்தைய இரவு. மறுநாள் ஞாயிறு இரவு முழுச் சந்திர கிரகணம், அதனால் தேதியில் சந்தேகம் வேண்டாம். ஆனால் முந்தைய ஆண்டு தம்போரா எரிமலை வெடித்ததால் கோடையே இல்லாமல் போன வருடம் அது. நாயகிக்கு மெல்லிய மஸ்லினுக்கு மேல் ஒரு கனமான சால்வை கொடுத்து அனுப்புங்கள். வண்டிக்காரனுக்கு மேகத்தைக் காட்டி முணுமுணுக்க ஒரு வசனமும்.