வேனின் 12 வோல்ட் விளக்குகளுக்குக் கம்பியில்லாக் கட்டுப்பாடு அமைக்கும் முறை

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வேனை, குடும்பத்தோடு ஏலகிரிக்கும் ராமேஸ்வரத்துக்கும் சென்று இரவில் அதிலேயே தங்கும் வகையில் மாற்றி அமைத்தோம். அதன் பிறகு எங்களுக்கு இருந்த முதல் சங்கடம் விளக்குதான். கூரை விளக்கை அணைக்க வேண்டுமானால், உறங்கும் குழந்தைகளைத் தாண்டி முன்கதவருகே உள்ள சுவிட்சுக்குப் போக வேண்டும். படுத்த இடத்திலிருந்தே விளக்கை அணைக்கவும், ஒளியைக் குறைக்கவும் நான் செய்த ஏற்பாட்டை, இதே வேலையில் இறங்குவோருக்குப் பயன்படும் என்று இங்கே விளக்குகிறேன். இது வண்டியின் உட்புற விளக்குகளுக்கு மட்டுமே உரியது. முகப்பு விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர் ஆகியவற்றின் வயரிங்கை எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது.

பொத்தானிலிருந்தோ கைபேசியிலிருந்தோ கம்பியில்லாமல் வரும் கட்டளையை ஏற்று விளக்கை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியை வாங்குவதற்கு முன், வண்டியின் மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். வேன்கள் பெரும்பாலும் 12 வோல்ட், லாரியும் பஸ்ஸும் பெரும்பாலும் 24 வோல்ட். ஆனால் 12 வோல்ட் என்பது பெயரளவில்தான். முழுதாகச் சார்ஜ் ஆன ஈய அமில பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டைக் காட்டும். எஞ்சின் ஓடும்போது அது 14.4 வரை உயரும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது 14.6 வரைகூடப் போகும். ஆகவே, 12 வோல்ட், கூடுதல் குறைவு 10 சதவீதம் என்று அச்சிட்ட கருவி 13.2 வோல்ட்டுக்கு மேல் தாங்குவதாக உறுதி தருவதில்லை. சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் வாங்கும்போது, 12 முதல் 24 வோல்ட் வரை ஏற்கும் என்று குறிக்கப்பட்ட கருவியைக் கேட்டு வாங்குவதே நல்லது.

அடுத்து வருவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி, நான் ஒரு முழு நாளை இழந்ததும் இதில்தான். வண்டிகளில் விளக்கின் நெகட்டிவ் முனையைத் தனி வயரில் பேட்டரிக்குக் கொண்டுபோகாமல், இரும்பு உடலிலேயே முடுக்கிவிடுவது வழக்கம். ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் இதைப் பாடி எர்த் என்பார்கள். ஆனால் கடையில் கிடைக்கும் எல்.இ.டி. கட்டுப்பாட்டுக் கருவிகளில் பெரும்பாலானவை பாசிட்டிவை அப்படியே விட்டுவிட்டு, நெகட்டிவ் பக்கத்தைத்தான் நொடிக்குப் பல நூறு முறை துண்டித்து இணைத்து ஒளியைக் குறைக்கின்றன. பாடி எர்த் உள்ள விளக்கை இத்தகைய கருவியில் இணைத்தால், மின்சாரம் கருவியைச் சுற்றிக்கொண்டு வண்டி உடல் வழியாகவே திரும்பிவிடும். நாம் என்ன கட்டளை கொடுத்தாலும் விளக்கு அணையாது. கருவி பழுது என்று நினைத்து இரண்டு முறை மாற்றிய பிறகே எனக்கு இது புரிந்தது. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்துவிட்டு, விளக்கின் நெகட்டிவ் வயருக்கும் வண்டி உடலுக்கும் இடையே மல்டிமீட்டரில் மின் தொடர்ச்சி இருக்கிறதா என்று ஒவ்வொரு விளக்காகப் பார்க்க வேண்டும். இருந்தால், அந்த இணைப்பைப் பிரித்து, நெகட்டிவுக்குத் தனி வயர் இழுத்துக் கருவியில் சேர்க்க வேண்டும். விளக்கின் உலோகக் கூடே எர்த் ஆக இருந்து, பிரிக்க வழியில்லையென்றால், பாசிட்டிவ் பக்கத்தைத் துண்டிக்கும் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வகைக் கருவியைப் பயன்படுத்தலாம். அதில் அணைக்கலாம், ஏற்றலாம், ஒளியைக் குறைக்க முடியாது.

எல்லா எல்.இ.டி. விளக்கும் ஒளி குறைப்புக்கு இணங்குவதில்லை. ரெசிஸ்டர் மட்டுமே உள்ள, நாடா போன்ற ஸ்ட்ரிப் வகை சீராகக் குறையும். உள்ளே மின்சாரத்தைச் சீராக்கும் தனி டிரைவர் சர்க்யூட் உள்ள வட்ட விளக்குகள் சில மினுக்கும், சில மெல்லக் கீச்சிடும். கூரையில் பொருத்துவதற்கு முன் ஒன்றை மேசையில் வைத்துச் சோதித்துக்கொள்வது ஒரு மணி நேர வேலைதான்.

வயரின் தடிமனைக் கணக்கிட்டே தீர்மானிக்க வேண்டும். மீட்டருக்கு 14.4 வாட் எடுக்கும் ஸ்ட்ரிப்பில் 4 மீட்டர் போட்டால் 57.6 வாட், வீட்டின் 230 வோல்ட்டில் இது கால் ஆம்பியர், வண்டியின் 12 வோல்ட்டில் 4.8 ஆம்பியர். பேட்டரியிலிருந்து விளக்கு 5 மீட்டர் தள்ளியிருந்தால், போக வர 10 மீட்டர் செம்பு வயரில், 1 சதுர மில்லிமீட்டரில் ஏறத்தாழ 1 வோல்ட் வீணாகும், 2.5 சதுர மில்லிமீட்டரில் அது 0.4 வோல்ட்டுக்குள் அடங்கும். பாசிட்டிவ் வயரில், பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். இந்தச் சுமைக்குப் பழுப்பு நிற 7.5 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் போதும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்ற துணிச்சலில் ஃபியூஸ் இல்லாமல் இணைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. பேட்டரி ஷார்ட் ஆனால் வயர் பழுக்கக் காய்ந்து, அருகிலுள்ள மெத்தைக்கும் தீ பரவிவிடும்.

கம்பியில்லாத் தொடர்புக்கு வைஃபை, ஜிக்பீ (குறைந்த மின்சாரத்தில் இயங்கும் கம்பியில்லாத் தொடர்பு முறை), புளூடூத் மூன்றும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் கிடைக்கின்றன. எதை எடுத்தாலும், இணையம் இல்லாமல் இயங்குமா என்பதையே முதலில் கேட்க வேண்டும். மலைப்பாதையில் சிக்னல் போனதும் விளக்கும் போகக் கூடாது. ஈ.எஸ்.பி.32 சிப்பில் இயங்கும் டபிள்யூ.எல்.இ.டி. என்னும் இலவச மென்பொருள், தானே ஒரு வைஃபை வலையை உருவாக்கி, கைபேசியை நேரடியாக இணைத்துக்கொள்கிறது. அதன் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிட வேண்டும். ஆனாலும் என் தேர்வு, நாணய வடிவ பேட்டரியில் இயங்கும் பொத்தானோடு வரும் ஜிக்பீதான். பொத்தானைக் கருவியோடு நேரடியாக இணைக்க முடிகிற வகையை வாங்கினால், இடையில் வேறெதுவும் தேவையில்லை, கைபேசியைத் தேடவும் வேண்டாம்.

பழைய சுவிட்சை மட்டும் எடுத்துவிடாதீர்கள். என் அம்மாவுக்கு வயது 71. இருட்டில் அவர் கை தானாகப் போவது கதவோரச் சுவிட்சுக்குத்தான். அந்தச் சுவிட்ச் கருவிக்கு வரும் மின்சாரத்தையே துண்டித்தால், அதன் பிறகு கம்பியில்லாக் கட்டளை எதுவும் எடுபடாது. எனவே கருவிக்கு ஃபியூஸ் வழியாக நேரடி மின்சாரம் கொடுத்து, சுவிட்சின் இரு வயர்களையும் கருவியின் உள்ளீட்டு முனையில் சேர்க்க வேண்டும். காலிங் பெல் போல அழுத்தி விடும் வகைச் சுவிட்ச் இதற்குப் பொருத்தமானது.

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரையிலான கடலோரத்தில் வண்டி நிறுத்துவோர் உப்புக் காற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும். முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு இங்கே நாளடைவில் பச்சை பூத்துவிடும். வயர் நுனியில் வெள்ளீயம் பூசிய லக்கை (உலோக முனையை) அழுத்திப் பொருத்தி, உட்புறம் பசையுள்ள ஸ்லீவைச் சூடாக்கி மூட வேண்டும். கருவியைக் கூரைத் தகட்டை ஒட்டி வைத்தால் கத்திரி வெயிலில் வெந்துவிடும். இருக்கைக்கு அடியில், இரும்புப் பெட்டிக்குள் அல்லாமல் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைப்பது வெப்பத்துக்கும் நல்லது, கம்பியில்லாத் தொடர்பின் அலைக்கும் நல்லது.

இறுதியாக, விளக்கு அணைந்திருக்கும்போதும் கருவி சிறிது மின்சாரம் எடுக்கும். அரை வாட் எடுக்கும் கருவி ஒரு நாளில் 1 ஆம்பியர் மணி எடுக்கும்; அப்படி நான்கு இருந்தால், மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் பேட்டரி தானாகவே தீர்ந்துவிடும். நான் ஃபியூஸுக்கு அடுத்து ஒரு முதன்மைச் சுவிட்ச் வைத்து, பயணம் முடிந்ததும் அணைத்துவிடுகிறேன். எந்த வயர் எந்த விளக்குக்குப் போகிறது, எந்த விளக்கின் பாடி எர்த் பிரிக்கப்பட்டது என்பதை எழுதி, அந்தத் தாளை ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். நாளை வேறொரு எலக்ட்ரீஷியன் திறந்தாலும் அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.