கல்யாண பட்ஜெட்டை இலைக் கணக்குல இருந்து ஆரம்பிங்க

கல்யாணம் பேசி முடிச்ச உடனே எல்லா வீட்டுலயும் முதல்ல மண்டபம் பாக்கத்தான் ஓடுறாங்க, எங்க குமரி மாவட்டத்துல மார்த்தாண்டம் களியக்காவிளை பக்கம்னா கேக்கவே வேண்டாம், கேரளா பார்டர் தாண்டி பாறசாலை நெய்யாற்றின்கரை வரைக்கும் போய் ஆடிட்டோரியம் பாத்துட்டு வந்துருவாங்க. அதுக்கு முன்னாடி ஒரு நாள் ராத்திரி வீட்டுல எல்லாரும் உக்காந்து ஒரு தொகைய முடிவு பண்ணுங்க. வட்டிக்கு வாங்காம, வீட்டுப் பத்திரத்த அடகு வைக்காம எவ்வளவு போட முடியும்? கையில இருக்குற பணம், விழப்போற சீட்டு, பிள்ளைங்க சேத்து வச்சது, அவ்வளவுதான். மொய் வரும்னு அதுல சேக்காதீங்க, அது எப்ப எவ்வளவு வரும்னு யாராலயும் சொல்ல முடியாது. அந்தத் தொகையில பத்துல ஒரு பங்க எதிர்பாராத செலவுக்குன்னு எடுத்து தனியா வச்சுட்டு மிச்சத்துக்கு மட்டும் பட்ஜெட் போடுங்க.

அடுத்தது இலைக் கணக்கு, இதுதான் மொத்த பட்ஜெட்டையும் பிடிச்சு வச்சிருக்குற ஆணி. எத்தன கார்டு அடிக்கணும்னு யோசிக்காம எத்தன இலை விழும்னு எண்ணுங்க, ஒரு கார்டுக்கு சில வீட்டுல ஒருத்தர் வருவாங்க, சில வீட்டுல குடும்பத்தோட ஆறு பேர் வருவாங்க. நோட்டுல வீடு வீடா பேரு எழுதி பக்கத்துல ஆள் எண்ணிக்கைய போடுங்க, சம்மந்தி வீட்டுலயும் இதே மாதிரி எழுதித் தரச் சொல்லுங்க, கேக்க சங்கடமா இருந்தா தாய்மாமாவ விட்டு கேக்கச் சொல்லலாம். ஒரு இலைக்கு 250 ரூபான்னு ஒரு கணக்குக்கு வச்சுக்கோங்க, 800 இலைக்கு 2 லட்சம், அதே 600னா ஒன்றரை லட்சம். 200 பேர் குறைஞ்சா சாப்பாடு மட்டுமில்ல, மண்டபம் சின்னதா போதும், சேர், தண்ணி பாட்டில், தாம்பூலப் பை எல்லாமே குறையும். மேடை அலங்காரத்துல பேரம் பேசி மிச்சம் புடிக்கிறத விட இங்க மிச்சமாகுறது ரொம்ப அதிகம்.

எங்க பக்கம் ஒரு சாப்பாட்டோட முடியாது. முந்தின நாள் ராத்திரி வீட்டுல ஒரு பந்தி, கல்யாணத்தன்னைக்கு மத்தியானம் அவியல் எரிசேரி பருப்பு பப்படம் அடப்பிரதமன்னு பெரிய பந்தி, அப்புறம் மறுவீடு. சம்மந்தி திருநெல்வேலிக்காரங்கன்னா மறுவீட்டுக்கு சொதி இல்லாம நடக்காது. இத மூணையும் தனித்தனி வரியா எழுதுங்க, நிறைய பேரு முந்தின நாள் சாப்பாட்ட கணக்குலயே சேக்குறதில்ல, பணம் அங்கதான் சத்தமில்லாம போகுது. சமையல்காரர்கிட்ட இலைக்கு இவ்வளவுன்னு மொத்தமா பேசுறீங்களா, இல்ல சாமான் நாம வாங்கிக் குடுத்து கூலி மட்டுமான்னு முதல்லயே தெளிவா பேசுங்க. சாமான் நாமதான்னா தேங்காயும் தேங்காய் எண்ணெயும் தனியா எழுதுங்க, நம்ம கறி எல்லாத்துலயும் தேங்காதான், அதோட விலை ஏறுச்சுன்னா மொத்தக் கணக்கும் ஏறிரும்.

தேதி குறிக்கும்போதே பணமும் சேந்து குறிக்கப்படுது. ஆடி நமக்கும் ஆகாது, அதே மாசம் மலையாளத்துல கர்க்கடகம், அவங்களுக்கும் ஆகாது. அதனால ஆவணி பொறந்த உடனே ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல கல்யாணம் கூடுது, மண்டபம் கிடைக்காது. அது பத்தாதுன்னு ஓணமும் அப்பதான் வரும், அத்தத்துல இருந்து திருவோணம் வரைக்கும் பத்து நாள் கேரளாவுல அத்தப்பூ போடுறாங்க, தோவாளை சந்தையில இருந்து லோடு லோடா பூ அங்கதான் போகும், அந்த நாள்ல பிச்சியும் மல்லியும் விலை கேட்டா மனசு பதறும். நல்ல நாள் வேற இருக்குன்னா அந்தப் பத்து நாள விட்டுருங்க. இன்னொண்ணு, நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு மழை, ஜூன்லயும் வரும் ஐப்பசியிலயும் வரும், அந்தச் சமயத்துல வீட்டுல பந்தல்னா தகர ஷீட்டுக்கும் பணம் ஒதுக்கணும்.

மண்டபத்துல வாடகைய மட்டும் கேட்டுட்டு வந்துராதீங்க. கரன்ட் யூனிட் கணக்கா இல்ல மொத்தமா, ஜெனரேட்டர் டீசல் யாரு, கிளீனிங், கேஸ், பாத்திரம் இதெல்லாம் சேத்தா தனியா, எல்லாத்தையும் ரசீதுலயே எழுதி வாங்குங்க. பார்டர் தாண்டி பஸ்சோ வேனோ போகுதுன்னா பெர்மிட் செலவும் டிரைவர் பாட்டாவும் வாடகையில சேந்ததான்னு கேட்டுருங்க, கல்யாணத்தன்னைக்கு காலையில செக்போஸ்ட்ல நின்னுகிட்டு பேசுற விஷயம் இல்ல இது.

நகைய தனி நோட்டுல வைங்க, சாப்பாட்டு பணத்துல இருந்து ஒரு ரூபா கூட அங்க போகக் கூடாது. திருவனந்தபுரத்துல பவுன் ரேட் கம்மின்னு கேட்டு ஓடாம, ரெண்டு ஊருலயும் ஒரே எடைக்கு செய்கூலி, சேதாரம், 3 சதவீதம் ஜிஎஸ்டி எல்லாம் போட்ட கடைசி பில்ல கேட்டு அத ஒப்பிட்டுப் பாருங்க. ஹால்மார்க்கோட ஹெச்யுஐடி நம்பர் இருக்கணும், அது எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடத்துல வர்ற, ஒவ்வொரு நகைக்கும் தனியான அடையாள நம்பர். ரெண்டு லட்சமோ அதுக்கு மேலயோ கடைக்காரங்க ரொக்கமா வாங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு, அதனால பேங்க் வழியா குடுக்கப் பாருங்க. இத்தன பவுன் வேணும்னு அந்த வீட்டுல கேட்டாங்கன்னா அதுக்கு பட்ஜெட்டுல இடமே குடுக்காதீங்க, வரதட்சணை 1961லயே சட்டப்படி குத்தம், அப்பா அம்மா மிச்ச ஆயுசு முழுக்க கடன் அடைக்கிறத நான் எத்தனையோ வீட்டுல பாக்குறேன், மனசு கேக்க மாட்டேங்குது.

கடைசியா பணத்த யார் கையில வைக்கிறதுன்னு ஒரு கேள்வி. பொண்ணோட அப்பா கையில வேண்டாம், அவரு வாசல்ல நின்னு ஆளுங்கள கூப்பிடணும். நிதானமான ஒரு சித்தப்பாவோ அத்தானோ இருப்பாங்க, அவங்க ஒருத்தர் கையில மட்டும் குடுங்க. சமையல், நாதஸ்வரம், பூ, வீடியோ, வேன்னு ஒவ்வொருத்தர் பேருலயும் கவர் போட்டு, மேல மொத்தம் எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு, பாக்கி எவ்வளவுன்னு எழுதி முந்தின நாளே அவங்ககிட்ட குடுத்துருங்க. பாத்திரத்தை எண்ணி ஒப்படைச்சு டெபாசிட்ட திருப்பி வாங்குற வேலையையும் அவங்களே பாத்துக்கட்டும், மறுவீட்டுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி அது முடிஞ்சிருக்கணும்.