ரேம் கூட்டியும் கம்ப்யூட்டர் ஏன் இழுக்கிறது?

கரண்டைத் துண்டித்துவிட்டுக் கழற்றுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். ரேமில், அதாவது ஓடும் வேலைகளைக் கம்ப்யூட்டர் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரியில், புதிதாகக் கை வைப்பவர்கள், ஒரு காலத்தில் நான் செய்த அதே கோளாறுகளை வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

எது திணறுகிறது என்று பார்க்காமலே ரேம் வாங்குவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். தெரிந்தவர் ஒருவர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். 8 ஜிபியை 16 ஆக்கியிருக்கிறார், ஆனாலும் விண்டோஸ் திறந்து மவுஸ் ஒழுங்காக நகர்வதற்குள் குளித்துவிட்டே வந்துவிடலாம், ரேம் போலியோ என்று அவருக்குச் சந்தேகம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், மெமரியில் பாதிகூட நிறையவில்லை, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கிறது. உள்ளே பழைய ஹார்ட் டிஸ்க்! அதில் ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் ஹெட் நகர்ந்து, தட்டு சுழன்று வர ஏறக்குறைய 10 மில்லி செகண்ட் ஆகும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் சிப் வகைச் சேமிப்பான எஸ்எஸ்டியில் நகரும் பாகமே கிடையாது, 0.1 மில்லி செகண்டுகூட ஆகாது. விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைப் படிக்கிறது, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ரேமுக்குக் கொடுத்த காசு எஸ்எஸ்டிக்குப் போயிருக்க வேண்டும்.

சரி, ரேம் எப்போதுதான் வாங்குவது? வழக்கமாகச் செய்யும் வேலைகளையெல்லாம் திறந்துவைத்து, கம்ப்யூட்டர் இழுக்கும் அந்த நேரத்தில் பாருங்கள் (சும்மா இருக்கும்போது பார்த்துப் பயனில்லை). மெமரி 90 சதவீதத்தைத் தொட்டு நின்று, டிஸ்க்கும் கூடவே ஓடினால், இடம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்கை மெமரியாக்கித் தள்ளாடுகிறது. அப்போது வாங்குங்கள்.

பொருந்தாததை வாங்குவது

டிடிஆர்4, டிடிஆர்5 என்பவை ரேமின் தலைமுறைகள். டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 ஏறாது, ரேமின் விளிம்பில் வெட்டு இருக்கும் இடமே வேறு. டெஸ்க்டாப் ரேம் நீளம், லேப்டாப்புக்குக் குட்டை. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், மாற்ற வழியே இல்லை. டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் எத்தனை ஸ்லாட், எவ்வளவு வேகம் என்று இருக்கும், மாடல் விவரத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

32 பிட் விண்டோஸில் 8 ஜிபி

அந்த விண்டோஸால் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்த முடியாது, மீதி வீண்.

ரேம் கிளீனர் மென்பொருள்

வேண்டாம்.

பிரவுசரை மாற்றினால் போதும் என்பது

குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா நான்கும் குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் எழுந்தவை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி அதே நாற்பது டேபையும் அதே எக்ஸ்டென்ஷன்களையும் ஏற்றினால் என்ன மிச்சமாகும்? ஃபயர்ஃபாக்ஸின் எஞ்சின் வேறு, முயன்று பாருங்கள், ஆனால் அதற்கும் டேப் கூடினால் மெமரி கூடத்தான் வேண்டும். குரோமுக்குள் ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்தினால் எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் எவ்வளவு தின்கிறது என்று தனித்தனியாகக் காட்டும், முதலில் எக்ஸ்டென்ஷன்களைக் களையெடுங்கள். அப்புறம் செட்டிங்ஸில், சும்மா கிடக்கும் டேப்களின் மெமரியை விடுவிக்கும் மெமரி சேவரை ஆன் செய்யுங்கள், எட்ஜில் ஸ்லீப்பிங் டேப்ஸ் என்று இருக்கும்.