பாவனை விளையாட்டில் பெரியவர்கள் செய்யும் தவறுகள்

மூன்று வயதுக் குழந்தை காலி டம்ளரை நீட்டி, "சித்தி, காபி குடிங்க, சூடா இருக்கு" என்கிறது. உடனே நாம், "அட, இது என்ன கலர் டம்ளர்? எத்தனை டம்ளர் இருக்கு, எண்ணிச் சொல்லு பார்ப்போம்" என்று ஆரம்பித்துவிடுகிறோம். குழந்தை "ப்ளூ" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறது. ஒன்றை இன்னொன்றாக வைத்துக்கொண்டு ஆடும் அந்தப் பாவனை விளையாட்டு அதோடு முடிந்தது.

விளையாட்டைப் பரீட்சையாக்குவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. படித்த பெற்றோரும் இதைச் செய்கிறார்கள். நிறமும் எண்ணும் சொல்லித்தர வேண்டியவைதான், ஆனால் அதற்கான நேரம் இது இல்லை. டம்ளர் காலி என்று குழந்தைக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே அதில் காபி இருப்பதாக வைத்துக்கொள்கிறது, அந்த நினைப்பில் நம்மையும் சேர்த்துக்கொள்கிறது. கண்ணெதிரே இருப்பது ஒன்று, மனதில் இருப்பது இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் கையாளும் இந்தத் திறமை ஒன்றரை வயதையொட்டித்தான் தலைகாட்டத் தொடங்குகிறது. குச்சியைக் குதிரையாக்கி ஓட்டும் குழந்தை, பொருளிலிருந்து அர்த்தத்தைப் பிரிக்கப் பழகுகிறது என்று ரஷ்ய உளவியலாளர் லேவ் வைகாட்ஸ்கி 1933-இல் விளக்கினார். பின்னாளில் எழுதப் படிக்கவும் இதே மாதிரியான புரிதல் தேவை. ஒரு வளைகோடு 'அ' என்ற ஒலிக்காக நிற்கிறது என்று புரிய, ஒன்றுக்குப் பதில் இன்னொன்று நிற்கலாம் என்பது முதலில் பிடிபட வேண்டும்.

சரி, டம்ளரை நீட்டினால் என்ன செய்வது? வாங்கி, ஊதி, ஒரு வாய் குடியுங்கள். "சர்க்கரை கம்மியா இருக்கே" என்று சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். குழந்தை சர்க்கரை எடுத்து வரப் போகும். டப்பா காலி என்று திரும்பி வரலாம், கடைக்குப் போகிறேன் என்று கிளம்பலாம், "பாட்டிக்குச் சர்க்கரை கூடாது" என்று உங்களையே பாட்டியாக்கிவிடலாம். "என்ன கலர்?" என்ற கேள்விக்கு ஒரு வார்த்தை பதில் வந்தது. இங்கே காரணம் வருகிறது, 'அப்புறம்', 'ஏன்னா', 'இல்லன்னா' எல்லாம் சேர்ந்த முழு வாக்கியங்கள் வருகின்றன. ஒன்று சொல்லிவிட்டுக் காத்திருப்பதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டம்.

காத்திருக்க முடியாதபோது விளையாட்டைக் கைப்பற்றிவிடுகிறோம். "இட்லியை அப்படியா ஊத்துவாங்க? நகரு, நான் காட்டுறேன்." "டாக்டர்னா முதல்ல ஸ்டெதஸ்கோப் வைக்கணும்." செங்கல் பொடியை மிளகாய்த்தூளாகவும் இலையை ரூபாய் நோட்டாகவும் ஆக்கிக்கொண்ட குழந்தையிடம் போய் எது சரி, எது தப்பு என்று தீர்ப்பு சொல்லத் தேவையில்லை. கதை யாருடையதோ, அவரே அதை நடத்தட்டும். என் பார்வையில் இந்த ஒன்றைக் கடைப்பிடித்தாலே பாதித் தவறுகள் நின்றுபோகும்.

பொம்மை வாங்கும் விஷயத்துக்கு வருவோம். பட்டனை அழுத்தினால் பாடுகிற, விளக்கு எரிகிற அடுப்பு செட்டில் வேலையெல்லாம் பொம்மையே செய்துவிடுகிறது. 2016-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 10 முதல் 16 மாதக் குழந்தைகளும் பெற்றோருமாக 26 ஜோடிகளைக் கவனித்தார்கள். பேட்டரி பொம்மை நடுவில் இருந்தபோது, பெற்றோரும் குழந்தையும் பேசிக்கொண்டது குறைந்தது. படப் புத்தகமோ, கட்டைகள் போன்ற சாதாரண பொம்மைகளோ இருந்தபோது பேச்சு அதிகம். சிறிய ஆய்வுதான், இருந்தாலும் வீட்டில் நாமே பார்க்கிற விஷயம் இது. தேங்காய்ச் சிரட்டை, பழைய துப்பட்டா, அட்டைப்பெட்டி, நாலு சொப்புச் சாமான் போதும். வாயில் போட்டு விழுங்கும் அளவு சின்னப் பொருள்களை மட்டும் எடுத்துவிடுங்கள்.

அதிகம் பேசப்படாத தவறு ஒன்று உண்டு. பொம்மைக்கு ஊசி போட்டு "அழக்கூடாது, அழுதா இன்னொரு ஊசி" என்று குழந்தை மிரட்டும்போது நாம் பதறுகிறோம். வீட்டில் ஒரு சாவு நடந்த பிறகு பொம்மையைப் படுக்கவைத்துத் துணி போர்த்தினால், "சீ, அபசகுனம்!" என்று பிடுங்கிக்கொள்கிறோம். அப்படிப் பிடுங்காதீர்கள். ஊசி போட்ட அன்று அந்தக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டவர்கள் பெரியவர்கள். விளையாட்டில் ஊசி அதன் கையில் இருக்கிறது. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பதை அதுவே முடிவு செய்கிறது. மனதில் தங்கிப்போன பயத்தை வார்த்தையில் சொல்ல வராத வயதில் இப்படித்தான் குழந்தைகள் வெளியே எடுத்துப் பார்க்கிறார்கள். பல நாடுகளில் மருத்துவமனைகளே இதற்காகப் பொம்மைகளும் பயிற்சி பெற்ற ஆட்களும் வைத்திருக்கின்றன. பக்கத்தில் உட்கார்ந்து, "பொம்மைக்கு ரொம்ப வலிக்குதா?" என்று கேளுங்கள். அதே காட்சி வாரக்கணக்கில் மாறாமல், ஒவ்வொரு முறையும் குழந்தை கலங்கிப்போகிற மாதிரி நடந்தால் மட்டும் மருத்துவரிடம் பேசுங்கள்.

பையன் சொப்பு வைத்து விளையாடினால் கிண்டல் செய்வது, கண்ணுக்குத் தெரியாத தோழியோடு பேசினால் "பொய் பேசுது" என்று அதட்டுவது, இவை இரண்டும் வேண்டாம். கற்பனைத் தோழர் வைத்துக்கொள்வது சின்னப் பிள்ளைகளிடம் சகஜம். அது கற்பனைதான் என்பதும் பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியும்.

இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது. பாவனை விளையாட்டு மூளையைக் கூர்மையாக்கும், ஐக்யூ ஏறும் என்று சொல்லி அதற்கும் வகுப்பு நடத்துகிறார்கள். அமெரிக்க உளவியலாளர் ஏஞ்சலின் லில்லார்டும் உடன் ஆய்வாளர்களும் பல பத்தாண்டு ஆய்வுகளைத் திரட்டி அலசி 2013-இல் கட்டுரை வெளியிட்டார்கள். அறிவுத்திறன் இதனால்தான் வளர்கிறது என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லை என்றார்கள். மொழி, கதை சொல்லும் திறன், உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்துவது ஆகியவற்றில் பலன் இருக்கலாம், அங்கும் இன்னும் நல்ல ஆய்வுகள் தேவை என்பது அவர்கள் முடிவு. 2017-இல் வந்த இன்னொரு ஆய்வு சுவையானது. 4, 6 வயதுக் குழந்தைகளிடம் அலுப்பான வேலை ஒன்றைக் கொடுத்தார்கள். தங்களைப் பேட்மேன் போன்ற பாத்திரமாக நினைத்துக்கொண்டவர்கள், தாங்களாகவே இருந்து செய்தவர்களைவிட அதிக நேரம் விடாமல் செய்தார்கள். இதற்காக யாரும் கட்டணம் கட்டத் தேவையில்லை.

நேரம் கொடுக்காமல் இருப்பதும் தவறுதான். யார் அம்மா, யார் கடைக்காரர் என்று பேசி முடிக்கவே பிள்ளைகளுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். கதை சூடுபிடிக்கும்போது "டியூஷனுக்கு டைம் ஆச்சு, எல்லாத்தையும் எடுத்து வை" என்றால் அழுகை வராமல் என்ன செய்யும்? மணல்வீட்டைக் காலால் சிதைக்காதே என்று சிறுமியர் கெஞ்சுவதற்கு ஆண்பால் பிள்ளைத்தமிழில் 'சிற்றில்' என்று ஒரு பருவமே ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தக் கெஞ்சல் நம் காதிலும் விழ வேண்டும். பத்து நிமிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கட்டி வைத்ததை நாளை வரை அப்படியே விட முடிந்தால் இன்னும் நல்லது.

கடைசியாக ஒரு விஷயம், இதை யாரும் தள்ளிப்போடக் கூடாது. ஒன்றரை, இரண்டு வயதாகியும் பொம்மைக்கு ஊட்டுவது, போன் பேசுவது மாதிரியான பாவனை எதுவுமே இல்லை, கூடவே பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, விரல் நீட்டி எதையும் காட்டுவதில்லை என்றால், "அவன் அப்பாவும் லேட்டாதான் பேசினார்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான ஆட்டிசம் பரிசோதனைக் கேள்வித்தாளில் பாவனை விளையாட்டைப் பற்றியும் ஒரு கேள்வி இருக்கிறது. இந்த அறிகுறிகள் இருந்தாலே ஆட்டிசம் என்று ஆகிவிடாது. காது கேட்பதில் குறை இருந்தாலும் கூப்பிடும்போது திரும்ப மாட்டார்கள். எதுவாக இருந்தாலும் குழந்தை நல மருத்துவரிடமோ, அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்திலோ சீக்கிரமாகக் காட்டுங்கள்.