மையர் குடும்பச் சின்னத்தைச் சரிபார்த்த கதை

என் மனைவி ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா பகுதியைச் சேர்ந்தவர். பிறந்த வீட்டுப் பெயர் மையர். நினைவுப்பொருள் கடையொன்றில் 'மையர் குலச்சின்னம்' என்று விற்ற கேடயப் படம் மாமனார் வீட்டுச் சுவரில் தொங்கியது. அது நிஜமாகவே தங்களுடையதா என்று மாமா கேட்டார்.

ஜெர்மானிய மரபில் சின்னம் பெயருக்குச் சொந்தமில்லை, ஒரு குறிப்பிட்ட வம்சத்துக்குத்தான் சொந்தம். மையர் என்பதோ பண்ணை நிர்வாகியின் பதவிப் பெயர். ஒன்றுக்கொன்று உறவில்லாத மையர் குடும்பங்கள் ஏராளம். சீப்மாகர் என்ற ஜெர்மானியச் செதுக்கோவியர் 1605இல் வெளியிடத் தொடங்கிய சின்னத் தொகுப்பில் ஒரு மையரைக் கண்டுபிடித்தாலும் அது எதையும் நிரூபிக்காது. எனவே படத்தை விட்டுவிட்டு முன்னோரைத் தேடினேன்.

வெஸ்ட்ஃபாலியா அப்போது பிரஷ்ய அரசின் கீழ் இருந்தது; அங்கே பிறப்பு, திருமணம், இறப்புகளை அரசே பதிவது 1874 அக்டோபரில்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் தேவாலய ஏடுகளே கதி. புராட்டஸ்டன்ட் ஏடுகள் பல ஆர்க்கியான் தளத்தில் கட்டணத்துக்குக் கிடைக்கின்றன; கத்தோலிக்க ஏடுகள் பல மட்ரிகுலா தளத்தில் இலவசம். குர்ரெண்ட் என்ற பழைய ஜெர்மானியக் கையெழுத்து முறையைப் படிக்க முதலில் பழகிக்கொள்ளுங்கள், அதற்குக் குறுக்குவழி இல்லை.

ஒரு தலைமுறையில் நூல் அறுந்தது: மையர் என்று மணம் முடித்தவருக்கு அந்தப் பெயரில் ஞானஸ்நானப் பதிவே இல்லை. வெஸ்ட்ஃபாலியாவில் பண்ணை வீட்டுக்கு மருமகனாகப் போகும் ஆண் அந்தப் பண்ணையின் பெயரையே எடுத்துக்கொள்வது அந்தக் கால வழக்கம். திருமணப் பதிவில் 'கெனான்ட்' ('என அழைக்கப்படும்') என்ற சொல்லுக்கு முன்னால் அவருடைய பழைய பெயர் இருந்தது. அதை வைத்துத் தேடியதும் பக்கத்து ஊர் ஏட்டில் அவர் பெற்றோர் கிடைத்தார்கள்.

சின்னம் பொதுவாக ஆண்வழியில்தான் வரும். ஆக, பண்ணையின் பழைய மையர்களுக்குச் சின்னம் இருந்திருந்தாலும், அந்த மருமகன் வழியில் வந்த மாமா குடும்பத்துக்கு வந்திருக்காது. ஆனால் ஜெர்மனியில் சாதாரணக் குடும்பமும் புதுச் சின்னம் வகுத்துக்கொள்ளலாம். பெர்லினில் 1869 முதல் இயங்கும் ஹெரோல்ட் என்ற குலச்சின்ன ஆய்வுச் சங்கம் அதைச் சரிபார்த்துப் பதிவு செய்கிறது. மாமா இப்போது புதுச் சின்னத்தை வரைந்துகொண்டிருக்கிறார்.